தீவக வீட்டுக்கு மழைநீர்த் தாங்கி: தெரிவு செய்வது முதல் பராமரிப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே, கடலுக்குள் நிற்கிறது கடற்கோட்டை. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அதை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த போர்த்துக்கேயர் பணிந்ததற்குக் குடிநீர் அற்றுப்போனதே முக்கிய காரணம். சுற்றிவரத் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. தீவகத்தில் வீடு வைத்திருக்கும் எவருக்கும் இந்த நிலை புதிதல்ல. ஆனி, ஆடியில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். பவுசர் எப்போது வரும் என்று கான் வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அந்தப் பவுசருக்கும் நடுவில் கடல் இருக்கிறது.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடியது அது. அதனால் குடாநாட்டுக்குக் கிடைக்கும் ஆறுதல் பெரிது. ஆனாலும் குழாய் வராத வளவுக்கும், குழாய் வந்தும் தண்ணீர் வராத நாளுக்கும் வீட்டோடு ஒரு தாங்கி வேண்டும். எதை வாங்குவது, எதைக் கட்டுவது, எப்படிக் கட்டினால் இருபது வருடம் நிற்கும் என்பதை முதன்முறையாகத் தாங்கி வைக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இங்கே தாங்கியைக் கொல்வது உப்பு. அது காற்றில் வருகிறது, மணலில் வருகிறது, கலவைக்கு ஊற்றும் தண்ணீரிலும் வருகிறது. கண்டி வீட்டுக்கோ கொழும்பு வீட்டுக்கோ எழுதிய ஆலோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் காசு வீணாகும்.

படி 1: எத்தனை லீற்றர் வேண்டும்?

மழைநீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். குளிப்பும் துவைப்பும் கிணற்றடியிலேயே நடக்கட்டும். ஒருவருக்கு நாளுக்கு 5 லீற்றர் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 20 லீற்றர். மார்கழி மழை ஓய்ந்ததிலிருந்து புரட்டாசி முடியும்வரை 250 நாள் என்று வையுங்கள். 5,000 லீற்றர் வருகிறது.

இலங்கையில் மழைநீர்த் தாங்கி என்றாலே 5 கன மீற்றர் என்ற அளவு வழக்கமானதற்குப் பின்னால் இதே வகைக் கணக்குத்தான் இருக்கிறது. 1995இல் உலக வங்கி உதவியுடன் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் தொடங்கிய சமூக நீர்வழங்கல் திட்டம்தான் அந்த அளவைப் பரப்பியது. அடுத்த ஆண்டே லங்கா மழைநீர் சேகரிப்பு மன்றம் உருவாயிற்று. ஆனால் பதுளையில் மழை வருடம் முழுவதும் வந்து போகும். இங்கே கோடை நீளம். ஆறு, ஏழு பேர் இருக்கும் வீடென்றால் 5,000 லீற்றரோடு நிற்காதீர்கள். 8,000 வரை போங்கள், அல்லது இரண்டு தாங்கி வையுங்கள். நான் இரண்டையே விரும்புவேன்: ஒன்றைக் கழுவும்போது மற்றது கைகொடுக்கும், ஒன்றில் தண்ணீர் கெட்டாலும் மற்றது தப்பும்.

படி 2: கூரை போதுமா?

ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். தெறிப்பதும் ஒழுகுவதும் போக எண்பது வீதம் கையில் வரும். 40 சதுர மீற்றர் கூரையில் மில்லிமீற்றருக்கு 32 லீற்றர். 5,000 லீற்றர் நிரம்ப 156 மில்லிமீற்றர் மழை போதும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை சராசரியாக 1,200 மில்லிமீற்றருக்கு மேல்; அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தீவுகளுக்கு அதைவிடக் குறைவாகக் கணக்கிட்டாலும் சின்ன வீட்டுக் கூரையே போதும். பிடித்து வைக்க இடமில்லாமல்தான் மழை கடலுக்குப் போகிறது.

ஓட்டுக் கூரையும் அலுமினியத் தகடும் நல்லவை. நாகத் தகடு துருவேறியிருந்தால் முதலில் தகட்டை மாற்றுங்கள். பனையோலைக் கூரைத் தண்ணீர் நிறமேறி வரும், குடிக்க எடுக்காதீர்கள். சமையலறைக்கோ விறாந்தைக்கோ மேலே ஒரு பகுதி தகடு போட்டால் அந்த இடமே தேவைக்குப் போதும். அஸ்பெஸ்டஸ் கூரையைச் சுரண்டவோ துளையிடவோ வேண்டாம், அந்தத் தூசு மூச்சுக்குள் போவது ஆபத்து.

படி 3: எந்தத் தாங்கி?

நெடுந்தீவில் நடந்து பாருங்கள். பவளப்பாறைக் கல்லை அடுக்கிய வேலிகள் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. பழைய கோட்டைச் சுவர் இடிந்தும் எஞ்சியிருக்கிறது. பக்கத்திலேயே சில பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய கொங்கிரீட் தூண், உள்ளே கம்பி வீங்கி, தோல் உரிந்து நிற்கும். பழைய சுவருக்குள் இரும்பு இல்லை, புதிய தூணுக்குள் இருக்கிறது. தாங்கி தெரிவு செய்யும்போது இதை மறக்காதீர்கள். எதில் இரும்பு குறைவோ, எதில் இரும்பு நன்றாக மூடப்பட்டிருக்கிறதோ, அதுதான் இங்கே நீடிக்கும்.

*பிளாஸ்ரிக் தாங்கி.* இதில் இரும்பே இல்லை. ஆட்களே தூக்கி வள்ளத்தில் ஏற்றலாம், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிற வீட்டுக்கு இது சிறிய விடயமல்ல. இதற்கு எதிரி வெயில். பொலித்தீன் இனப் பிளாஸ்ரிக் புறஊதாக்கதிரில் நாளடைவில் நொறுங்கும். கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அந்தக் கதிரைத் தடுக்கும், உள்ளே வெளிச்சம் புகாமல் பாசியையும் தடுக்கும். ஆகவே வெளியே எந்த நிறம் இருந்தாலும் உட்படை கறுப்பாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். எஸ்.எல்.எஸ். இலச்சினை இருக்கவேண்டும். வெயிலுக்கு நேரே நின்று பாருங்கள்: சுவரூடாக வெளிச்சம் தெரிந்தால் அந்தத் தாங்கி வேண்டாம். வாங்கிய பிறகு மேலே ஓலைக் கொட்டில் ஒன்று போட்டுவிடுங்கள். தண்ணீரும் சுடாது, தாங்கியின் ஆயுளும் கூடும்.

வெறும் தாங்கியைக் காற்று உருட்டிக்கொண்டு போய்விடும். 2020 டிசம்பரில் புரேவிப் புயல் வடக்கைத் தாக்கியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நைலோன் கயிற்றால் கட்டி வையுங்கள், கம்பியால் வேண்டாம்.

*பெரோ சீமெந்துத் தாங்கி.* மெல்லிய கம்பிக்கூட்டின்மேல் கோழிவலை சுற்றி, இரண்டு பக்கமும் சீமெந்துச் சாந்து பூசிக் கட்டுவது. 1848இல் பிரான்சில் லம்போ என்பவர் இந்த முறையில் படகே கட்டினார். இலங்கையில் பூசணி வடிவில் கட்டப்படும் தாங்கி இந்த வகைதான். வளைந்த வடிவம் தண்ணீரின் அழுத்தத்தைச் சமமாகத் தாங்கும். அதனால் சுவர் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் நிற்கிறது. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். வெடித்தால் ஊர் மேசனே பூசித் தருவார். பிளாஸ்ரிக் வெடித்தால் அப்படி இல்லை.

ஆனால் சுவர் மெல்லியது என்பதால் உப்புக்கும் வலைக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீற்றர் சாந்துதான். கவனமாகக் கட்டினால் இதைவிட நல்ல தாங்கி தீவகத்துக்கு இல்லை. கவனமில்லாமல் கட்டினால் சில வருடத்திலேயே துருக்கறை வெளியே தெரியும். அந்தக் கவனத்தைப் பற்றித்தான் அடுத்த படி முழுவதும்.

*கல் கட்டித் தாங்கி.* சீமெந்துக் கல்லால் சதுரமாகக் கட்டுவது. மூலைகளில் அழுத்தம் குவிந்து அங்கேதான் முதலில் வெடிக்கும். கட்டத்தான் வேண்டுமென்றால் வட்டமாகக் கட்டுங்கள். கல் எந்த மணலில் அரியப்பட்டது என்று விசாரியுங்கள்.

*உருக்குத் தாங்கி.* கடையில் பளபளப்பாக நிற்கும் துருப்பிடிக்காத உருக்குத் தாங்கிகள் பெரும்பாலும் 304 என்ற தரம். கடற்காற்றின் குளோரைட்டு அதில் புள்ளி புள்ளியாகத் துளை போடும், மூட்டுகளில் முதலில் தெரியும். 316 தரத்தில் மொலிப்டினம் இரண்டு மூன்று வீதம் சேர்ந்திருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். விலை அதற்கேற்ப ஏறும். தீவக வீட்டுக்கு உருக்கு வேண்டாம் என்பதே என் முடிவு.

நிலத்துக்குள் புதைக்கும் தாங்கியும் வேண்டாம். தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. பாறையை உடைத்து இறக்கினாலும், மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது வெறும் தாங்கி மேலே மிதந்து வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பினூடாக உவர் உள்ளே வந்தால், குடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

படி 4: கட்டுவதென்றால் உப்பை எப்படித் தடுப்பது?

சீமெந்து காரத்தன்மை உடையது. அதற்குள் இருக்கும் இரும்பின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துரு ஏறாமல் காக்கும். குளோரைட்டு அந்தப் படலத்தை உடைக்கிறது. பிறகு வரும் துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். சாந்தை உள்ளிருந்து தள்ளி வெடிக்க வைக்கும். வெடிப்பினூடாக இன்னும் உப்புக் காற்றும் ஈரமும் போகும். தொடங்கினால் நிற்காது. ஆகவே முதல் நாளிலேயே உப்பு உள்ளே போகாமல் பார்க்கவேண்டும்.

முதலில் கலவைத் தண்ணீர். தீவுகளில் நடக்கும் பெரிய பிழை இங்கேதான். குடிக்க உதவாத கிணற்றுத் தண்ணீர், கலவைக்குப் போதும் என்று ஊற்றிவிடுகிறார்கள். வாய்க்குக் கரிக்கும் தண்ணீர் கம்பிக்கும் கேடு. 50 கிலோ மூடை ஒன்றுக்கு 20 முதல் 22 லீற்றர் தண்ணீர்தான் தேவை. பதினைந்து மூடை வேலையென்றாலும் 330 லீற்றர். இரண்டு பீப்பாய் நல்ல தண்ணீருக்குச் செலவழிக்கத் தயங்கி, தாங்கியையே இழக்கவேண்டாம். தண்ணீரைக் கூட்டி ஊற்றினால் பூச இலகுவாக இருக்கும், ஆனால் காய்ந்தபின் நுண்துளைகள் கூடும். மேசன் இளக்கமாகக் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது மணல். கடற்கரை மணல் கூடவே கூடாது. ஆற்று மணல் வன்னியிலிருந்து பாலங்களைக் கடந்து, சில தீவுகளுக்கு வள்ளமும் ஏறி வரவேண்டும் என்பதால் விலை கூடும். அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் வேறு மணல் கலந்துவிடும். பரிசோதனை எளிது. மழைத் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ ஒரு கிளாசில் எடுத்து, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீற்றரால் அளந்துகொள்ளுங்கள். இந்த மீற்றர் விலை அதிகமில்லை, நாலு வீட்டுக்கு ஒன்று போதும். பிறகு ஒரு பிடி மணலைப் போட்டுக் கலக்கி, தெளியவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் பல மடங்கு ஏறினால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கள். மீற்றர் இல்லையென்றால் தெளிந்த நீரில் ஒரு துளியை நாக்கில் வையுங்கள்.

கோழிவலையும் கம்பியும் கடற்கரையோரம் வெளியில் கிடந்து துருவேறியிருந்தால் வாங்காதீர்கள். சீமெந்து மூடைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கி மூடுங்கள்; ஈரக் காற்றில் சில வாரத்திலேயே கட்டிபடும். ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல், உட்புறம் கடைசியாக ஒரு சீமெந்துப் பால் பூச்சு. வலையின் ஒரு கண்கூட வெளியே தெரியக்கூடாது.

பிறகு ஈரம் காப்பது. குறைந்தது இரண்டு வாரம் நனைந்த சாக்கு சுற்றி வைக்கவேண்டும், அதற்கும் நல்ல தண்ணீர்தான். இங்கே பருவம் முக்கியம். சோளகம் வீசும் மாதங்களில் பூசினால், காற்று சாந்தின் ஈரத்தைச் சில மணி நேரத்திலேயே உறிஞ்சிவிடும். மேலே மயிரிழை வெடிப்புகள் வலைபோலப் படரும். பலர் மாரி வருகிறதென்று ஆவணியில் அவசரப்பட்டுத் தொடங்குகிறார்கள். மாசி, பங்குனியே நல்ல காலம்: மழை முடிந்து கிணறுகள் அதிகம் இனிப்பது அப்போதுதான், காற்றும் அடங்கியிருக்கும். ஐப்பசிவரை தாங்கியை வெறுமையாக விடாமல் ஓரடித் தண்ணீராவது உள்ளே நிற்கட்டும்.

படி 5: இடமும் அடித்தளமும்

5,000 லீற்றர் தண்ணீர் 5 தொன் எடை. அடித்தளம் சமமாக இறுகியிருக்கவேண்டும்; ஒரு பக்கம் தாழ்ந்தால் சுவர் கிழியும். குடிநீருக்கு உயரம் தேவையில்லை. பத்து மீற்றர் உயர்த்தினால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். அதற்காக இரும்புத் தாங்குகால் அடித்து அதைத் துருவுக்குக் கொடுப்பதில் பயனில்லை. குடமோ வாளியோ கீழே நிற்கிற அளவு உயரம் போதும். திருகுபிடி பித்தளையில் அல்லது பி.வி.சி.யில் இருக்கட்டும்.

தென்னைக்கும் முருங்கைக்கும் தள்ளி, குசினிக்குக் கிட்ட. பவுசர் குழாய் எட்டுகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. மழை பொய்த்த வருடத்தில் அதே தாங்கி பவுசர் தண்ணீரையும் வாங்கிக்கொள்ளும்.

படி 6: பீலியும் முதல் மழையும்

பீலிக்கு பி.வி.சி., தாங்கிப் பிடிக்கும் கொளுக்கிக்கும் அதுவே. ஆணிக்குப் பதில் 316 தரத் திருகாணி. இங்கே சில்லறைச் சாமான் என்பதால் விலை பெரிதாகத் தெரியாது.

ஒவ்வொரு மழையின் முதல் நீரும் கூரையின் எச்சம், தூசு, உப்பு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். 40 சதுர மீற்றர் கூரைக்கு முதல் 40 லீற்றரை ஒதுக்கவேண்டும். நான்கங்குலக் குழாய் ஒரு மீற்றருக்கு எட்டு லீற்றர் மட்டுமே பிடிக்கும் என்பதால், குழாயை நீட்டுவதைவிட பீலிக்கும் தாங்கிக்கும் நடுவே 40 லீற்றர் கான் ஒன்றை வைத்து, அது நிரம்பியபின் தண்ணீர் தாங்கிக்குத் திரும்பும்படி செய்யுங்கள். கானின் அடியில் ஒரு திருகுபிடி, மழை விட்டதும் திறந்துவிட.

பருவத்தின் முதல் மழைக்கு அதுவும் போதாது. மாதக்கணக்காகச் சோளகம் அடித்து அப்பிய உப்பு கூரையில் இருக்கும். முதல் ஒன்றிரண்டு மழைக்குத் தாங்கிக் குழாயைக் கழற்றிவிடுங்கள்.

தாங்கி நிரம்பி வழியும் நீரை வடிகானுக்குள் விடாதீர்கள். தீவுகளில் நிலத்தடி நன்னீர், உவர் நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியல் கணக்கு. கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, சல்லியும் மணலும் நிரப்பிய குழியில் வழிநீரை இறக்குங்கள். அடுத்த ஆனியில் கிணற்றின் உவர் ஒரு கிழமை பிந்தி வந்தாலும் இலாபம்தான்.

படி 7: நுளம்பு

உவர் நீரில் நுளம்பு பெருகாது என்று எண்ணி யாரும் தாங்கியை மட்டும் மூடி, உவர்க் கிணற்றைத் திறந்து விடவேண்டாம். டெங்கைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பின் புழுக்கள் உவர் நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணத்திலேயே ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்ட அனோபிலிஸ் ஸ்டிஃபென்சி என்ற, மலேரியா பரப்பும் நுளம்பு பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அதற்குப் பிடித்த இடம் கிணறும் சீமெந்துத் தொட்டியும்தான்.

ஆகவே நீர் நுழையும் வாய், வழியும் குழாய், காற்றுத் துளை மூன்றிலும் நைலோன் வலை, ஒரு மில்லிமீற்றருக்கும் சிறிய கண். மூடி இறுக்கமாக, பூட்டக்கூடியதாக இருக்கவேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

படி 8: முதல் மாரிக்குப் பிறகு

புதிய சீமெந்துத் தாங்கியின் முதல் தண்ணீர் காரமாக இருக்கும். இரண்டு மூன்று தடவை நிரப்பி வெளியேற்றிய பின்தான் குடிக்கத் தொடங்குங்கள். கூரை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்துக் குடிக்கவேண்டும், பறவை எச்சத்தின் கிருமி கண்ணுக்குத் தெரியாது. குளோரின் போடுவதென்றால் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் போடுங்கள்.

புரட்டாசியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்ததும் உள்ளே இறங்கி, அடி வண்டலை எடுத்து, தும்புத் தூரிகையால் கழுவுங்கள். இரும்புத் தூரிகை கீறிவிடும். ஒருவர் உள்ளே இறங்கும்போது இன்னொருவர் வெளியே நிற்கட்டும்.

அதே நாளில் தாங்கியை வெளிப்புறமும் சுற்றிப் பாருங்கள். வெள்ளைக் கோடாகச் சுண்ணாம்பு கசிந்திருந்தால் அது மயிரிழை வெடிப்பு. பெரும்பாலும் தானே அடைபடும். மண்ணிறக் கறை தெரிந்தால் துரு. அதன்மேல் பெயின்ற் அடித்து மறைக்காதீர்கள். கறையைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குச் சாந்தைக் கொத்தி, துருவேறிய வலையை வெட்டி எடுத்து, புது வலையைப் பழையதோடு ஓரங்குலம் மேவக் கட்டி, நல்ல தண்ணீரில் குழைத்த சாந்தால் மூடி, இரண்டு வாரம் ஈரச் சாக்குப் போடுங்கள். ஒரு மேசனுக்கு அரை நாள் வேலை. ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிடும்.